அத்தியாயம் 7: எடை இறங்கும்போது மாதவிடாய்

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு மருத்துவமனையில் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். எத்தனை நாள் நீராகாரம், எப்போது கூழ், எப்போது இட்லி என்று எழுதித் தருவார்கள். மாதவிடாய் என்ன ஆகும் என்று அவரும் கேட்பதில்லை, பல நேரம் யாரும் சொல்வதுமில்லை. பத்தாம் நாள் திடீரென்று உதிரம் படும்போதும், நான்காம் மாதம் நாள் தள்ளிப்போகும்போதும் அவர் தவித்துப்போகிறார். அக்காவிடம் கேட்கிறார், மருந்துக்கடையில் கேட்கிறார். கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் கேட்பதில்லை.

கத்தி படுவது இரைப்பையில்தான். அதன் விளைவு சினைப்பை வரை போகிறது. இதைப் புரிந்துகொண்டால் இரண்டு காரியங்களை அறுவைக்கு முன்பே முடித்துவிடலாம். ஒன்று, கர்ப்பத்தைத் தள்ளிப்போட என்ன வழி என்று முடிவு செய்வது. இரண்டு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது.

இரண்டாவது ஏன் முக்கியம் என்பதற்கு நம் மாநிலத்துக் கணக்கே போதும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பருத்த உடம்பில் இரத்தம் குறையாது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்து இருப்பது இங்கே சாதாரணம்.

இரைப்பையில் செய்த சிகிச்சை சினைப்பையை எப்படித் தொடுகிறது?

உடம்பின் கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்புதான். அங்கிருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி, ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். மாதம்தோறும் ஏறி இறங்க வேண்டிய அளவு ஏறியபடியே நின்றால், முட்டை வெளிவரும் ஒழுங்கு குலைகிறது. கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் கழித்துப் பெரும்பாடாக உடைகிறது.

இன்னொரு பக்கம் இன்சுலின். எடை கூடும்போது இன்சுலினின் வேலைத்திறன் குறைகிறது. அதை ஈடுகட்ட உடம்பு அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகை, சினைப்பையை ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகிறது. ஆண் ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குகிறது. இன்சுலின் கூடினால் அந்தப் புரதமும் குறைகிறது. முகத்தில் முடி, தாடையில் பரு, கழுத்தில் கருமை, மாதம் தவறும் உதிரம் என்று நாம் 'நீர்க்கட்டி' அல்லது பிசிஓடி என்று சொல்லும் கோளாறின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இன்று அதிகமாகச் செய்யப்படும் அறுவைகள் இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்தப் பகுதியில்தான். பைபாஸ் முறையில் இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி உணவு போகும்படி இணைக்கிறார்கள். இரண்டிலும் எடை வெகுவாக இறங்குவதற்கு முன்பே இன்சுலின் சீராகத் தொடங்குகிறது. அதனால்தான் தராசு முள் பெரிதாக நகராத நிலையிலும் சினைப்பை விழித்துக்கொள்கிறது.

லண்டனில் 2 மருத்துவமனைகளில் நடந்து, 2024இல் 'லான்செட்' இதழில் வெளியான பாம்பினி ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிசிஓடியும் அதிக எடையும் உள்ள 80 பெண்களை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்லீவ் அறுவை, மற்றொரு குழுவுக்கு மருந்தும் வாழ்க்கைமுறை ஆலோசனையும். 52 வாரங்களில் அறுவைக் குழுவில் முட்டை வெளியான தடவைகளின் நடுமதிப்பு 6, மருந்துக் குழுவில் 2. பல வருடமாகக் குழந்தை இல்லாதவர்களுக்கு இது நற்செய்தி. தயாராக இல்லாதவர்களுக்கு எச்சரிக்கை.

மாதவாரியாக எதை எதிர்பார்க்கலாம்?

*முதல் ஆறு வாரம்.* நாள் கணக்குக்கு அப்பாற்பட்ட உதிரம் வரலாம். லேசாகக் கறை படுவதும் உண்டு, வழக்கத்தைவிட அதிகமாகப் போவதும் உண்டு. கொழுப்பில் சேர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன் எடை இறங்கும்போது இரத்தத்தில் கலக்கிறது. அறுவையின் அதிர்ச்சியும் குறைந்த சாப்பாடும் சேர்ந்துகொள்கின்றன. சிலருக்கு ஒரு சுற்று வராமலே போகும். பயப்பட வேண்டாம். ஆனால் தேதியைக் குறித்து வையுங்கள்.

*இரண்டாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை.* எடை வேகமாக இறங்கும் காலம் இது. வருடத்துக்கு நான்கு தடவை மட்டும் வந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கு இப்போது மாதாமாதம் வரத் தொடங்கும். வலி புதிதாகத் தோன்றலாம். முட்டை வெளிவரும் சுற்றுகளில் வலி இருப்பது இயல்பு. தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்வதும் இந்தக் கட்டத்தில்தான். வேகமாக எடை குறைந்ததால் வரும் இந்த உதிர்வு பெரும்பாலும் தானாக அடங்கும். புரதமும் இரும்பும் குறைந்திருந்தால் மட்டும் நீளும்.

*ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை.* சுற்று ஒழுங்குக்கு வர வேண்டும். 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வருவதும், எட்டு நாளுக்குள் நிற்பதும் இயல்பான அளவு. மிகச் சரியாக 28 நாள் என்று எல்லோருக்கும் கிடையாது. முகத்து முடி மெதுவாகத்தான் குறையும். ஏற்கெனவே தடித்து வளர்ந்த முடிக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

*வந்துகொண்டிருந்தது நின்றுபோனால்.* மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் கர்ப்பம். மருந்துக்கடையில் கிட் வாங்கி அன்றே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, உடம்புக்குப் போதிய உணவு போகாத நிலை. வாந்தியும் சாப்பிடப் பயமும் சேர்ந்து ஒரு நாளைக்கு நான்கு வாய்க்கு மேல் இறங்காத பெண்களுக்கு, மூளையே சினைப்பைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். மூன்றாவது, தைராய்டு, புரோலாக்டின் போன்ற வேறு ஹார்மோன் கோளாறு. எடை நன்றாகக் குறைகிறதே என்று மகிழ்ந்து, மூன்று மாதம் உதிரம் வராததை விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது

அறுவைக்குப் பின் குறைந்தது 12 முதல் 18 மாதம் கர்ப்பம் வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை. எடை வேகமாக இறங்கும் உடம்பில் தாய்க்கே சத்து போதாது. வயிற்றுப் பிள்ளைக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "எட்டு வருசமா எனக்கு நிக்கவே இல்ல, இப்ப மட்டும் என்ன வந்துரப்போகுது" என்று நினைக்கிறார்கள். எட்டு வருடம் முட்டை வெளிவராததற்குக் காரணமாக இருந்த நிலையே மாறிவிட்டது. முதல் உதிரம் வருவதற்கு முன்பே முட்டை வெளிவரக்கூடும். அறுவைக்குப் பிறகு மாதவிடாயையே பார்க்காமல் ஒரு பெண் முழுகாமல் இருக்க முடியும். ஆகவே இந்த முடிவை அறுவைக்கு நாள் குறிக்கும்போதே எடுங்கள்.

எந்த முறை பொருந்தும் என்று மகப்பேறு மருத்துவரிடம் பேசுவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்:

- *வாய்வழி மாத்திரை.* பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரை முழுமையாக உறிஞ்சப்படும் என்ற உறுதி இல்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்தால் இன்னும் சந்தேகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைக்கு இரத்தக்கட்டி ஆபத்தும் உண்டு. அதனால் அறுவைக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் போடும் 'சாயா' மாத்திரையும் வாய்வழிதான். அதை நம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.
- *காப்பர் டி.* குடலோடு இதற்குத் தொடர்பில்லை. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். 380ஏ வகை 10 வருடம் வரை பலன் தரும். சிலருக்கு உதிரப்போக்கைக் கூட்டும் என்பதால், ஏற்கெனவே பெரும்பாடு உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.
- *ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம்.* கர்ப்பத்தைத் தடுப்பதோடு உதிரத்தையும் வெகுவாகக் குறைக்கும். இரத்தசோகையும் பெரும்பாடும் உள்ளவர்களுக்கு ஏற்றது. விலை அதிகம்.
- *'அந்தரா' ஊசி.* மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரசு நிலையங்களில் இலவசம். நம்பகமானது. ஆனால் சிலருக்கு எடை கூடும். நெடுநாள் போட்டால் எலும்பின் அடர்த்தி குறையும். அறுவையாலும் எலும்பு தேயும் வாய்ப்பு இருப்பதால் முதல் தெரிவாக இதை வைக்க வேண்டாம்.
- *ஆணுறை.* வேறு முறை அமையும் வரை கட்டாயம். அமைந்த பிறகும் கூடுதல் பாதுகாப்பு.

தவறிப்போய் அவசர மாத்திரை தேவைப்பட்டாலும் இதே சிக்கல்தான். பைபாஸ் ஆனவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது உறுதியான வழி.

குழந்தைக்காகவே அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்தக் காத்திருப்பு கொடுமையாகத் தெரியும். வயது 35ஐத் தாண்டியிருந்தால், எத்தனை மாதம் பொறுக்கலாம் என்று உங்களுக்கென்று தனியாகக் கணக்கிட வேண்டும். இந்த இடைவெளியில் கணவரின் விந்துப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். பிள்ளை இல்லாததற்குக் காரணம் பெண்ணின் எடை மட்டும்தான் என்று ஊர் பேசியது எல்லா நேரமும் உண்மையாக இருப்பதில்லை.

போகும் இரத்தமும் வர வேண்டிய இரும்பும்

இரும்புச்சத்து அதிகமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதல் பகுதியில். பைபாஸில் உணவு அந்த வழியாகப் போவதே இல்லை. ஸ்லீவில் வழி மாறாவிட்டாலும், இரும்பைக் கரைக்கும் அமிலம் குறைந்துவிடுகிறது. சாப்பிடும் அளவும் சிறுத்துவிடுகிறது. வரவு இப்படிக் குறைந்த நேரத்தில்தான், வருடத்துக்கு நான்கு தடவை வந்த உதிரம் பன்னிரண்டு தடவை வரத் தொடங்குகிறது. மாதவிடாய் சீரானது என்ற மகிழ்ச்சிக்குள்ளேயே இரத்தசோகை வளர்கிறது.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு இந்த அறுவைகளுக்குப் பின் தினம் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவை. கர்ப்பமில்லாத பெண்களுக்கு அரசுத் திட்டத்தில் வாரம் ஒருமுறை தரும் இரும்பு மாத்திரை உங்களுக்குப் போதாது. மாத்திரை உடம்பில் சேராவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொள்ளலாம். அதற்காகத் தயங்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதலில் இறங்கும், ஹீமோகுளோபின் பிறகுதான் இறங்கும். ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு ஆகியவற்றை அறுவைக்கு முன்பும், பிறகு 3, 6, 12ஆம் மாதங்களிலும், அப்புறம் வருடம் ஒருமுறையும் பாருங்கள். பிசிஓடிக்காகவோ சர்க்கரைக்காகவோ மெட்ஃபார்மின் போட்டவர்களுக்கு பி12 முன்பே குறைந்திருக்கலாம்.

மாத்திரைகள் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால் நேரம் பிரித்துப் போட வேண்டும். ஒரு மாதிரி அட்டவணை:

- காலை 6 மணி: தைராய்டு மாத்திரை இருந்தால், வெறும் தண்ணீருடன்.
- காலை 10.30: கால்சியம் சிட்ரேட்.
- மதியம் 1 மணி: சாப்பிட்ட பின் மல்டிவிட்டமின்.
- மாலை 4 மணி: மறுபடி கால்சியம் சிட்ரேட்.
- இரவு 9 மணி: இரும்பு மாத்திரை, சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீருடன்.

இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இவை இரண்டுக்கும் நான்கு மணி நேரம் வேண்டும். எடை குறையக் குறையத் தைராய்டு மாத்திரையின் அளவும் சர்க்கரை மாத்திரையின் அளவும் குறைய வேண்டியிருக்கும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் படபடப்பு, தாழ்சர்க்கரை மயக்கம், சுற்றுக் கோளாறு எல்லாம் வரும்.

சாப்பாட்டில் புரதம் முதலில். நாளுக்கு 60 கிராமாவது சேர வேண்டும். முட்டை, மீன், கோழி, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர் எல்லாம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. ஆட்டு ஈரல் இரும்பு நிறைந்தது. வாரம் ஒருநாள் இரண்டு துண்டு போதும். கர்ப்பத்துக்கு முயலும்போதும் கர்ப்பத்தின்போதும் ஈரல் வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

மாதவிடாய் நாட்களில் இடுப்புக்குப் பலம் என்று அம்மாக்கள் உளுந்தங்களி கிண்டித் தருவார்கள். உளுந்து நல்லதுதான். ஆனால் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் வழிய வழியச் சேர்த்த களி, பைபாஸ் ஆன வயிற்றில் வேகமாகக் குடலுக்கு இறங்கி, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு என்று ஆட்டிவைக்கும். மதுரை விளக்குத்தூண் பக்கம் போகும்போது குடிக்கத் தோன்றும் ஜிகர்தண்டாவும், கருப்பட்டி போட்ட பருத்திப்பாலும் இதே கணக்குதான். உளுந்தை இட்லியாகவோ, இனிப்பில்லாத கஞ்சியாகவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை வெயிலையும் கணக்கில் சேருங்கள். சித்திரை, வைகாசியில் சிறிய இரைப்பையோடு போதுமான தண்ணீர் குடிப்பதே பெரிய வேலை. அந்த நேரம் உதிரமும் அதிகமானால் மேலூர், உசிலம்பட்டி பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதே கண் இருட்டும். பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். உப்புப் போட்ட நீர்மோரை மடக்கு மடக்காக, சாப்பாட்டோடு சேர்க்காமல், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வலி மாத்திரையும் 'தள்ளிப்போடும்' மாத்திரையும்

மாதவிடாய் வலிக்கு மருந்துக்கடைகளில் கேட்டதும் கிடைப்பது மெஃபனமிக் அமிலம் கலந்த மாத்திரை. இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் இதே வகை. பைபாஸ் ஆனவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். குடலை இணைத்த இடத்தில் புண் உண்டாகி, இரத்தம் கசியவும் ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு. ஸ்லீவ் ஆனவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் பெரும்பாலோருக்குப் போதும். அதற்கும் அடங்காத வலிக்கு ஸ்கேன் எடுத்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது, சாமி காரியத்துக்காக நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை. சித்திரைத் திருவிழா, குலதெய்வக் கும்பிடு, காதுகுத்து என்று வந்துவிட்டால் நம் பெண்கள் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். இந்த மருந்தில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் வகையாக மாறும். அதிக எடையும் அண்மையில் நடந்த அறுவையும் ஏற்கெனவே காலில் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்தைக் கூட்டியிருக்கும். அதோடு இதுவும் சேரக்கூடாது. அறுவைக்குப் பின் முதல் சில மாதங்கள் இந்த மாத்திரையைத் தொடாதீர்கள். பிறகும் மருத்துவர் சீட்டு இல்லாமல் வேண்டாம். உதிரம் வரும் உடம்போடு சாமி கும்பிடுவதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. அதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லும் தெய்வம் இல்லை.

முழுகாமல் இருப்பது தெரிந்தால்

திட்டமிட்ட காலத்துக்கு முன்பே கர்ப்பம் தங்கிவிட்டாலும் பதற வேண்டாம். கவனமாகப் பார்த்துக்கொண்டால் நல்லபடியாகப் பிள்ளை பெற முடியும். 2015இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வில், அறுவைக்குப் பின் கருவுற்றவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை குறைவாக இருந்தது. மிகப் பெரிய குழந்தைகளும் குறைவு. அதே சமயம் எடை குறைந்த குழந்தைகள் அதிகம். ஆகவே வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்களைத் தவறவிடக்கூடாது.

நாள் தள்ளியது உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிடுங்கள். பதியும்போதே அறுவை செய்துகொண்டதைச் சொல்லுங்கள். காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. மற்ற பெண்களுக்கு இது அருமையான பரிசோதனை. பைபாஸ் ஆன பெண் அந்தக் குளுக்கோஸைக் குடித்தால் முதலில் படபடத்து, பிறகு சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். அவருக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பார்த்து எழுதுவதே சரியான முறை.

பைபாஸ் ஆன கர்ப்பிணிக்கு மேல்வயிற்றில் விட்டுவிட்டுக் கடும் வலியும் வாந்தியும் வந்தால் அதைப் பிரசவ வலி என்றோ வாயு என்றோ விட்டுவிடக்கூடாது. உள்ளே குடல் பிதுங்கிச் சிக்கியிருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் தாய்க்கு பி12 குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சியையும் பாதிக்கும். பிரசவம் ஆனதும் மாத்திரைகளை நிறுத்தாதீர்கள்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு

மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் அறுவை செய்துகொள்பவர்கள் எலும்பைக் கவனிக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைவதும், கால்சியமும் வைட்டமின் டியும் சரியாகச் சேராததும், எடை இறங்குவதும் ஒரே நேரத்தில் எலும்பைத் தேய்க்கின்றன. நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியம், காலை வெயில், நடை, எடை தூக்கும் சிறு பயிற்சி, மருத்துவர் சொல்லும்போது எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஆகியவை தேவை.

உதிரம் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டுப் பட்டாலும், "எடை குறைஞ்சதால வந்துருக்கும்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அதிக எடையோடு பல வருடம் வாழ்ந்தவர்களுக்குக் கருப்பை உள்சுவர்ப் புற்றுநோயின் ஆபத்து கூடுதல். எடை குறைந்தால் ஆபத்து குறைகிறது. 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நெடுங்கால ஆய்விலும் அறுவை செய்துகொண்ட பெண்களிடம் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது. குறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை. ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்தே ஆக வேண்டும்.

மனசும் வீடும்

ஹார்மோன் மாறும்போது மனசும் மாறும். காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் வருடத்தில் வரக்கூடியவை. இதோடு "முகம் வத்திப்போச்சே", "இன்னும் விசேஷம் இல்லையா" என்று விசேஷ வீடுகளில் கேட்கும் கேள்விகளும் சேர்ந்துகொள்ளும். பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்லர். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ 104க்கோ பேசுங்கள். இரண்டும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

கணவருக்கும் மாமியாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த அறுவை அழகுக்காகச் செய்ததல்ல. ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் வேண்டாம் என்பது அந்தப் பெண்ணின் பிடிவாதம் அல்ல, மருத்துவ விதி. அதைக் காப்பதில் பாதிப் பொறுப்பு கணவருடையது.

தாமதிக்காமல் போக வேண்டிய அறிகுறிகள்

- ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே தொடர்வது.
- ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள், எட்டு நாளுக்கு மேல் நிற்காத உதிரம்.
- மூச்சுவாங்கல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்.
- கர்ப்பம் பரிசோதனையில் உறுதியாகி, அடிவயிற்றில் ஒரு பக்க வலியோ மயக்கமோ வருவது.
- மலம் கறுப்பாகத் தாரைப்போல் போவது.
- நாள்கணக்கில் நிற்காத வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம். இது தயமின் என்ற வைட்டமினின் குறைவாக இருக்கலாம். உடனே ஊசி போட வேண்டும்.

இவற்றில் எது வந்தாலும் அறுவை நடந்த மருத்துவமனையையே தேட வேண்டியதில்லை. மதுரையில் இருப்பவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்த நேரமும் போகலாம். திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் இருப்பவர்கள் 108ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

'பைபாஸ்' என்று மட்டும் சொன்னால் பலரும் இதய அறுவை என்றே எடுத்துக்கொள்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டரம்மா, எனக்கு எடை குறைக்கிறதுக்கு இரைப்பையில ஆபரேஷன் ஆயிருக்கு. ஆகி ஏழு மாசம் ஆச்சு. மாத்திரை எழுதும்போது அதப் பாத்து எழுதுங்க." டிஸ்சார்ஜ் அட்டையின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள். அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வாய்ப்பில்லாத இடங்களில், இருவருக்கும் இடையே செய்தி கொண்டுபோக வேண்டியவர் நீங்கள்தான்.

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். உதிரம் தொடங்கிய தேதி, நின்ற தேதி, நாளுக்கு எத்தனை நாப்கின், வலி எப்படி, அந்த மாத எடை, போட்ட மாத்திரைகள், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் ஆகியவற்றை மாதம் ஒரு பக்கமாக எழுதுங்கள். மூன்று பக்கம் சேர்ந்தாலே மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

எடை பார்க்கும் இயந்திரம் சொல்வது உங்கள் குணமடைதலின் ஒரு பகுதியை மட்டும்தான். மாதவிடாய் சொல்லும் மீதியை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், வீட்டு வைத்தியத்தில் மூடாதீர்கள். அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒருமுறை மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அறுவைக்குப் பின் மூன்றாம் மாதம் மறுபடி பாருங்கள். இந்த இரண்டு தடவை போய்வருவதே பிற்பாடு வரக்கூடிய பெரும் துன்பங்களில் பலவற்றைத் தடுத்துவிடும்.